ரப்பர் கை வலை: எண்ணூர் ஆத்துல மீன் சர்வே பண்றவங்களுக்காக ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், இது மீன் பிடிச்சு குழம்பு வைக்கிறவங்களுக்கான ரிவ்யூ இல்ல. பிடிச்ச மீனை அளந்து, எடை போட்டு, வால் துடுப்புல ஒரு சின்ன துண்டு வெட்டி எடுத்துக்கிட்டு, திரும்ப தண்ணியிலயே விடுறோம்ல, அந்த வேலை பண்றவங்களுக்கு. காலேஜ் ப்ராஜெக்ட்டா இருக்கலாம், பிஎச்டியா இருக்கலாம், ஏதாவது என்ஜிஓ சர்வேயா இருக்கலாம். நம்ம டேட்டா ஷீட்ல கடைசியா ஒரு கட்டம் இருக்கும், "உயிரோட விடப்பட்டது"ன்னு, அதுல டிக் போட்டுட்டு அடுத்த மீனுக்குப் போயிடுறோம். அந்த டிக் உண்மையா இருக்கணும்னா நம்ம கையில என்ன வலை இருக்குங்கிறது ரொம்ப முக்கியம், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

சரி, வலை. தூண்டில்ல மாட்டின மீனை அள்ளி எடுக்க ஆன்லைன்ல விக்கிற லேண்டிங் நெட்தான் இது. அலுமினிய வளையம், நீட்டி மடக்குற கைப்பிடி, வளையத்துல தொங்குற பை மட்டும் நூலுக்குப் பதிலா ரப்பர். இதுல ரெண்டு வகை வருது, நைலான் வலை மேல ரப்பர் பூசினது ஒண்ணு, முழுக்க ரப்பர்லயே வார்த்து எடுத்தது இன்னொண்ணு. நான் யூஸ் பண்றது ரெண்டாவது. பூசினது லேசா இருக்கும், விலையும் கம்மி, ஆனா உப்புத்தண்ணியிலயும் போட் ஓரத்துலயும் உரசி உரசி பூச்சு உரிஞ்சிடுச்சுன்னா உள்ள இருக்குற முடிச்சு வெளிய வந்துடும், அப்புறம் அது சாதா நைலான் வலைதான். எனக்கு ஆயிரத்து ஐநூறு ரூபா பக்கம் ஆச்சு. காசிமேட்டுல வலைக் கடைங்கள்ல கேட்டுப் பாத்தேன், இந்த மாதிரி ஐட்டம் அவங்க வைக்கிறதில்லன்னு சொல்லிட்டாங்க, நியாயம்தான், அங்க வாங்க வர்றவங்க யாருக்கும் பிடிச்ச மீனைத் திருப்பி விடுற வேலை இல்ல.

நாங்க வேலை பாக்குற எடம் எண்ணூர் கழிமுகம். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற எடம், ஒரு பக்கம் அனல்மின் நிலையம், ஒரு பக்கம் துறைமுகம், நடுவுல காட்டுக்குப்பம் முகத்துவாரக்குப்பம் ஆளுங்க இன்னும் வலை போட்டுக்கிட்டு இருக்காங்க. 2017 ஜனவரியில காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினது, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து ஆறு முழுக்கப் படிஞ்சது, வருஷக்கணக்கா சாம்பல் கழிவு, எல்லாத்தையும் பாத்த ஆறு இது. அதனாலயே ஆராய்ச்சிக்குன்னு வர்ற கூட்டம் இங்க எப்பவும் உண்டு. மீன்ல ஈயம் எவ்ளோ, காட்மியம் எவ்ளோ, எந்த மீன் குறைஞ்சிருக்கு, எது புதுசா வந்திருக்கு, இதெல்லாம் தெரிஞ்சிக்கணும்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா இந்த ஆத்து மீன் ஏற்கனவே மூச்சு முட்டிக்கிட்டுதான் இருக்கு, அதோட நிலைமைய தெரிஞ்சிக்கப் போற நாமளே அதுக்கு இன்னொரு அடி குடுக்கக் கூடாதுங்கிறது என்னோட கட்சி.

இந்த வலைய வச்சி நாங்க மீன் பிடிக்கிறதில்ல, அதைத் தெளிவா சொல்லிடுறேன். ஃபைபர் போட் வச்சிருக்குற ஒரு அண்ணன் கூடப் போறோம், அவர் போடுற வலையில வர்றதுல எங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கிறோம். சுத்து வலைய இழுத்து இழுத்து கடைசியா பை மாதிரி ஆகும்ல, அதை போட்ல ஏத்திக் கொட்டுறதுக்கு முன்னாடியே, மீன் இன்னும் தண்ணிக்குள்ள இருக்கும்போதே, இந்தக் கை வலைய உள்ள விட்டு அள்ளி பக்கத்துல இருக்குற டப்புக்கு மாத்திடுவோம். அவ்ளோதான் இதோட வேலை. அளந்து திருப்பி விடுற மீனுக்கு அண்ணனுக்குக் காசு குடுத்துடுவோம், அது அவரோட வருமானம், நம்ம மனசாட்சிக்கு அவர் செலவு பண்ண முடியாது.

இப்ப கெளுத்திக்கு வர்றேன், ஏன்னா இந்த வலை காசுக்கு ஒர்த்தா இல்லையான்னு எனக்குப் புரிஞ்சது கெளுத்தியாலதான். கெளுத்திக்கு முதுகுல ஒரு முள்ளு, ரெண்டு பக்கமும் துடுப்புல ஒண்ணொண்ணு, மொத்தம் மூணு. குத்துனா கை எப்படிக் கடுக்கும்னு வடசென்னையில யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. அந்த முள்ளோட ஓரத்துல ரம்பம் மாதிரி பல்லு இருக்கும், பயந்துச்சுன்னா மூணையும் விறைச்சு அப்படியே லாக் பண்ணிக்கும். நைலான் முடிச்சு வலையில அது விழுந்துச்சுன்னா முள்ளுல இருக்குற பல்லு ஒவ்வொண்ணும் ஒரு முடிச்சைப் பிடிச்சிக்கும், மீன் துள்ளத் துள்ள இன்னும் சுத்திக்கும், எடுக்கவே முடியாது. அப்ப நெறைய டீம்ல என்ன பண்றாங்கன்னா கட்டிங் ப்ளேயர எடுத்து முள்ள ஒடச்சிடுறாங்க. நறுக்குன்னு ஒரு சத்தம் வரும், அடியில ரத்தம் வரும், மீன் ஒரு மாதிரி கரகரன்னு கத்தும் (கெளுத்தி நிஜமாவே சத்தம் போடும், முள்ளு அடிப்பக்கத்த உரசி வர்ற சத்தம் அது), அப்புறம் அதை ஸ்கேல்ல வச்சி அளந்து தண்ணியில போட்டுட்டு "உயிரோட விடப்பட்டது" டிக். தொறந்த புண்ணோட அந்த ஆத்துத் தண்ணிக்குள்ள, தன்னைக் காப்பாத்திக்க இருந்த ஒரே ஆயுதமும் போயி, அது எத்தன நாள் தாங்கும்? நாம கேக்குறதே இல்ல, ஏன்னா நமக்குத் தேவையான நம்பர் கெடச்சாச்சு.

ரப்பர் வலையில இந்தப் பிரச்சனை அநேகமா இல்ல. ரப்பர் இழை தடியா இருக்கு, முடிச்சே கிடையாது, முள்ளுல இருக்குற பல்லுக்குப் பிடிக்க எதுவும் கிடைக்கல. வலைய அப்படியே டப்புத் தண்ணிக்குள்ள இறக்கி பையைக் குப்புறத் திருப்பினா மீன் தானா வெளிய நீந்திடுது, கையே படல. ரொம்பப் பெரிய கெளுத்தின்னா எப்பயாவது முள்ளு வலைக் கண்ணிக்குள்ள, அதாவது ஓட்டைக்குள்ள போகும், அப்ப ரப்பரை ரெண்டு விரலால இழுத்தா விரியுது, முள்ளு வந்துடுது.

இன்னொண்ணும் இருக்கு. கடல் கெளுத்தியில ஆண் மீன்தான் முட்டைய வாயில வச்சி அடைகாக்கும், முட்டை ஒண்ணொண்ணும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல இருக்கும், குஞ்சு பொரிச்சு வெளிய வர்ற வரைக்கும் அப்பன் சரியா சாப்பிடக்கூட மாட்டான். அந்த மாதிரி ஒரு மீன் வலையில மாட்டி பயந்துச்சுன்னா முட்டைய துப்பிடும். துப்பின முட்டைய எடுத்து திரும்ப வாயில வைக்கவா முடியும். ஒரு தடவ இந்த ரப்பர் வலையில வந்த கெளுத்தி, தாடை உப்பிப் போயி இருந்துச்சு, வாய் ஓரத்துல மஞ்சளா ஒரு முட்டை தெரிஞ்சுது. டப்புக்குக் கூட மாத்தல, வலையோட அப்படியே போட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணியில இறக்கித் திருப்பி விட்டுட்டோம், அளக்கல, எடை போடல, ஷீட்ல "அடைகாக்கும் ஆண், அளக்காமல் விடப்பட்டது"ன்னு எழுதினோம். ஒரு டேட்டா பாயின்ட் போச்சுதான், போகட்டும்.

அடுத்து வழவழப்பு. மீன் மேல இருக்குற அந்த வழவழப்ப நாம அழுக்கு மாதிரி நெனச்சு தொடைக்கிறோம், அது மீனுக்குத் தோல் மேல இன்னொரு தோல், கிருமி உள்ள வராம தடுக்குறதே அதுதான். முடிச்சு வலை அதை உரிச்சு எடுத்துடும், செதிலும் கூடவே வரும், துடுப்பு நுனி கிழியும். 2003ல வந்த ஒரு ஆராய்ச்சியில ப்ளூகில்னு ஒரு நன்னீர் மீனை வச்சி நாலு வகை கை வலைய டெஸ்ட் பண்ணாங்க, ரப்பர், முடிச்சில்லாத நைலான், பொடி முடிச்சு, பெரிய முடிச்சு. வலையே படாம எடுத்த மீன்ல ஒண்ணு கூட சாகல, வலையில எடுத்ததுல 4லேர்ந்து 14 சதவீதம் வரைக்கும் அடுத்த ஒரு வாரத்துல செத்துச்சு. முடிச்சு வலையில அடியும் சாவும் ஜாஸ்தி, ரப்பர்லயும் முடிச்சில்லாததுலயும் கம்மி. கம்மின்னுதான் சொன்னாங்க, சுத்தமா இல்லன்னு சொல்லல, அதைக் கவனிங்க. அந்த சாவு ஒரு வாரம் வரைக்கும் கவனிச்சதாலதான் தெரிஞ்சுது. நாம பாக்குறது அந்த மொத பத்து செகண்ட் மட்டும்தான்.

இங்க மடவை கிட்ட இதை நேரடியா பாக்கலாம். நைலான் வலையில எடுத்த மடவைய டப்புல விட்டீங்கன்னா தண்ணி மேல செதில் மினுமினுன்னு மிதக்கும். ரப்பர்ல எடுத்தா ரொம்பக் கொஞ்சம்தான். கீச்சானுக்கும் நல்லா வேலை செய்யுது, அதோட செவுள் மூடியில இருக்குற முள்ளு நைலான்ல மாட்டி மாட்டி கிழிச்சிடும், இதுல மாட்டல. ஆனா கவலை மீன், மத்தி மீன் வகைய எதுல எடுத்தாலும் செதில் கொட்டும், அந்த மீனை உயிரோட அளந்து விடலாம்னு நெனைக்கிறதே தப்பு, அதை போட் அண்ணன் பங்குலேர்ந்து செத்ததை வாங்கி அளக்குறதுதான் சரி.

ஆனா ஒண்ணு சொல்றேன், வலைய மட்டும் மாத்திட்டு மீதி எல்லாத்தையும் பழையபடி பண்ணா பிரயோஜனமே இல்ல. பெரிய வில்லன், மீனைத் தண்ணிக்கு வெளிய காத்துல வச்சிருக்குறதுதான். 1992ல கனடாவுல ரெயின்போ ட்ரவுட்ட வச்சிப் பண்ண ஒரு சோதனை இருக்கு, மீனை நல்லா ஓட விட்டு களைக்க வச்சிட்டு, சிலதை அப்படியே தண்ணியில விட்டாங்க, சிலதை 30 செகண்ட் வெளிய வச்சாங்க, சிலதை 60 செகண்ட். 12 மணி நேரம் கழிச்சு பாத்தா வெளியவே எடுக்காததுல 88 சதவீதம் உயிரோட இருக்கு, 30 செகண்ட் வச்சதுல 62, ஒரு நிமிஷம் வச்சதுல 28 தான். ஒரு நிமிஷம்! ஒரு மீனை ஸ்கேல்ல வச்சி, நம்பர் சொல்லி, எழுதுறவர் "என்ன சொன்னீங்க"ன்னு திருப்பிக் கேட்டு, போட்டோ எடுக்க ஃபோனைத் தேடி எடுத்தாலே ஒரு நிமிஷம் தாண்டிடும். அது குளிர்ந்த தண்ணி மீன், நம்மூர் மீன் வேற, அந்த நம்பர அப்படியே இங்க ஒட்ட வைக்கக் கூடாதுதான். ஆனா நம்மூர்ல வெயில் வேற இருக்கே. 20 டிகிரி நல்ல தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்னா 30 டிகிரியில ஏழரை தான் கரையும், உப்பு சேர்ந்தா இன்னும் கம்மி. மே மாசம் பதினொரு மணி வெயில்ல, கறுப்பு டப்புல, மூடாம, தண்ணிக்குள்ள காத்துக் குமிழி விடுற ஏரேட்டர் இல்லாம இருபது மீனை அடைச்சு வச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

நாங்க பண்றது இதுதான், வெள்ளை டப், ஈரச் சாக்கு போட்டு மூடி, பேட்டரி ஏரேட்டர் ஓடிக்கிட்டே இருக்கும், ஆத்துத் தண்ணிய அடிக்கடி மாத்துவோம். அளக்குற பலகைய தண்ணியில முக்கி எடுப்போம், கையும் நனைச்சுதான் தொடுவோம், மீன் கண்ணு மேல ஈரத்துணி போட்டா அடங்கிடும். அளக்குற ஆள் எழுதுற ஆள் தனித்தனி, போட்டோ எல்லாத்துக்கும் கெடையாது. காலையில வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும், முடியலன்னா மீதி மீனை அளக்காம விட்டுடணும், எல்லாத்தையும் அளந்தே தீரணும்னு பாக்கக் கூடாது.

மயக்க மருந்து பத்தி நெறைய பேர் கேக்குறாங்க. நீளம் எடை மட்டும் எடுக்க மருந்தே வேண்டாம், ஈரக்கையும் வேகமும் போதும். மீன் உள்ள அடையாளத்துக்கு டேக் வைக்கிறது, கீறித் தைக்கிறது மாதிரி வேலைன்னா கட்டாயம் வேணும். உலகம் முழுக்க ஓடுறது எம்எஸ்-222ங்கிற மயக்க மருந்து, அது தண்ணிய புளிப்பாக்கும், ஆப்ப சோடா சேர்த்து சமன் பண்ணாதான் மீனுக்கு எரியாது. ஆனா அமெரிக்காவுல அந்த மருந்து குடுத்த மீனை 21 நாளைக்கு சாப்பிடக் கூடாதுன்னு விதி இருக்கு. இப்ப யோசிங்க, நாம காலையில மருந்து குடுத்து ஆத்துல விட்ட கொடுவா சாயங்காலமே இன்னொருத்தர் வலையில விழுந்து மறுநாள் எண்ணூர்லயே ஒரு வீட்டுல குழம்பாகும். மீனோட வலி மட்டும் இல்ல, சாப்பிடுறவங்க ஒடம்பும் நம்ம பொறுப்புதான். கிராம்பு எண்ணெய்னா பரவாயில்லன்னு சிலர் நாட்டு மருந்துக் கடையில வாங்கிட்டு வந்து சொட்டுக் கணக்குல ஊத்துறாங்க. அது நேரா தண்ணியில கரையாது, ஆல்கஹால்ல கலந்துதான் ஊத்தணும், கடை எண்ணெயில அசல் எவ்ளோன்னும் தெரியாது, கொஞ்சம் ஏறிடுச்சுன்னா மயங்குன மீன் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. சாப்பிடுற மீன்னா அதுக்கும் அதே கேள்வி உண்டு. சொல்லித் தர ஆள் இல்லாம இதைத் தொடாதீங்க.

குறைக்கு வர்றேன், நெறைய இருக்கு.

முக்கியமான குறை கண்ணி சைஸ். தூண்டில்காரங்களுக்காகச் செஞ்சது, பெரிய மீன் மட்டும்தான் அவங்க மனசுல. காரப்பொடி, மடவைக் குஞ்சு, உளுவை எல்லாம் கண்ணி வழியா போயிடுது, போனா கூடப் பரவாயில்ல, பாதி போயி செவுள்ல மாட்டிக்கிட்டா நைலானை விட மோசம், ரப்பர் அழுத்திப் பிடிச்சுக்கும். கழிமுகத்துல பாதி சர்வே குஞ்சு மீனைப் பத்திதானே, அதனால இது ஒண்ணு மட்டும் வாங்குனா பத்தாது. சின்ன மீனுக்கு நான் கொளத்தூர் போயி கலர் மீன் கடைங்கள்ல மெத்துன்னு இருக்குற பொடிக் கண்ணி வலை வாங்கிக்கிட்டேன், விலை ரொம்பக் கம்மி, ஆனா கம்பி வளையம் உப்புத்தண்ணியில சீக்கிரம் துருப்பிடிச்சிடுது. அப்புறம் காசிமேட்டுல வலை தைக்கிற ஒரு பெரியவர் கிட்ட கொசுவலை மாதிரி இருக்குற முடிச்சில்லாத துணி குடுத்து, இதே அலுமினிய வளையத்துல மாட்டுற மாதிரி ஒரு பை தச்சு வாங்கினேன், அடியில ஒரு ஜாண் அளவுக்கு ரெக்ஸின் வச்சுக் குடுத்தார், தூக்கும்போது அதுல கொஞ்சம் தண்ணி நிக்கும், குஞ்சு மீன் தண்ணியோடயே வந்துடுது. நான் கேக்காமலே அவரே வச்சது அந்த ரெக்ஸின். இன்னைக்கு என் கிட்ட இருக்குற சாமான்லயே சிறந்தது அதுதான், கம்பெனி வலைய விட.

ரெண்டாவது, கைப்பிடி. நீட்டுன கம்பிய நிறுத்துற பிளாஸ்டிக் க்ளிப் சீக்கிரமே விட்டுப் போச்சு, வளையத்த இணைக்கிற ஸ்க்ரூ துருப்பிடிச்சு இறுகிடுச்சு. வித்தவங்க கிட்ட கேட்டா தனியா க்ளிப் கிடையாது, முழுசா புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டாங்க, இது அநியாயம். இப்ப ஒரு ஜிஐ பைப் போட்டு வெல்டிங் கடையில மாத்தி வச்சிருக்கோம், வெயிட் ஏறிடுச்சு ஆனா நம்பலாம். ரப்பர் பையே தண்ணியில நனைஞ்சா நல்ல கனம், ஒல்லியா இருக்குற பொண்ணுங்க ரொம்ப நேரம் பிடிச்சா மணிக்கட்டு வலிக்கும், ஆள் மாத்தி மாத்திப் பிடிங்க.

மூணாவது, எண்ணெய். ஆத்துல இன்னும் சில எடத்துல சேத்தைக் கிளறினா எண்ணெய் மேல வருது. ரப்பர்ல அது ஒட்டிக்கிட்டா வெறும் தண்ணிக்குப் போகாது, அடுத்த மீனோட செவுள்ல போயி ஒட்டும். பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு கழுவிட்டு, சோப்பு வாடையே இல்லாத அளவுக்கு நல்ல தண்ணியில அலசணும், ஏன்னா சோப்பும் செவுளுக்கு விஷம்தான்.

இதுல ஒரு பெரிய ப்ளஸ்ஸும் உண்டு, சீக்கிரம் காயுது, இடுக்குல எதுவும் தங்குறதில்ல. எண்ணூர் ஆத்துல இப்ப காக்கா ஆழின்னு ஒரு சிப்பி பாய் விரிச்ச மாதிரி பரவிக் கெடக்கு, தென் அமெரிக்காவுலேர்ந்து வந்தது, அது படிஞ்ச எடத்துல இறால், மட்டி எதுவும் தங்க மாட்டேங்குதுன்னு மீனவங்க தலையில கை வச்சிக்கிட்டு இருக்காங்க. காலையில எண்ணூர்ல நனைச்ச வலைய சாயங்காலம் பழவேற்காட்டுல போடுற டீமெல்லாம் பாத்திருக்கேன். முடிச்சு வலையில பொடி சிப்பி, பாசி, சேறு எல்லாம் உக்காந்து பயணம் பண்ணும். எந்த வலையா இருந்தாலும் கழுவி வெயில்ல நல்லா காய வச்சிட்டுதான் அடுத்த தண்ணிக்குப் போகணும்.

போட் அண்ணன் ஆரம்பத்துல ஒரு கேள்வி கேட்டார், நிறைய பேருக்கு மனசுல இருக்குற கேள்விதான். "இன்னா மா, நீ வுட்ற மீன நாளிக்கி நானே புடிச்சி விக்கப் போறேன், காசிமேட்டுல தெனம் டன்னு கணக்குல ஐஸுல கெடக்குது, இந்த ஒரு கெளுத்திக்கு இன்னாத்துக்கு இவ்ளோ?"ன்னார். நான் சொன்னது, "அண்ணா, நீங்க புடிக்கிறது சோத்துக்கு, அதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்ல. நான் உயிரோட விட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுறேன், அது செத்துப் போச்சுன்னா என் கணக்கே பொய்யாயிடும்." கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "காஞ்ச கையால தொட்டா ரெண்டு நாள்ல வெள்ளையா பூத்துடும் மா, உயிர் மீன் வச்சிருந்தப்ப பாத்துக்கீறேன்"னார். அதுக்கப்புறம் எங்க டீம்ல புதுசா வர்ற பசங்க கையை நனைக்காம டப்புல விட்டா மொதல்ல சத்தம் போடுறது அவர்தான்.

மீனுக்கு வலிக்குமான்னு இன்னும் சண்டை போடுறாங்க. 2003ல ஸ்காட்லாந்துல ட்ரவுட் மீனோட உதட்டுல அசிட்டிக் ஆசிட்டும் தேனீ விஷமும் ஊசி போட்டுப் பாத்தாங்க, அந்த மீனுங்க கிட்டத்தட்ட 3 மணி நேரம் சாப்பிடல, ஆசிட் போட்டதுங்க உதட்டைக் கொண்டு போயி கல்லுல தேய்ச்சுச்சு. அந்த சோதனையே மீனுக்கு வலி குடுத்துப் பண்ணதுதான், படிக்கவே எனக்கு சங்கடமா இருந்துச்சு, ஆனா அதுக்கப்புறமும் "மீனுக்குத் தெரியாது"ன்னு சொல்றதுக்கு நமக்கு எடமில்ல. நம்ம சட்டத்துலயே 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம், மிருகம்னா மனுஷனைத் தவிர எல்லா உயிரும்னுதான் சொல்லுது, மீனும் அதுல அடக்கம். மிருகங்களை வச்சிப் பண்ற சோதனைகளுக்கான மத்திய அரசு கமிட்டி 2021ல மீனுக்குன்னே தனியா வழிகாட்டி போட்டிருக்கு. ஐரோப்பாவுல 1986லயே மீன் அவங்க சட்டத்துக்குள்ள வந்துடுச்சு, 2010ல கணவாயையும் சேர்த்துட்டாங்க. ஆனா நான் பாத்த வரைக்கும் எலி முயல்னா ஃபார்ம் ஃபார்மா கேக்குற ஆளுங்க ஆத்துல போயி ஐநூறு மீன் எடுக்குறதுக்கு ஒரு கேள்வி கேக்குறதில்ல. ஆய்வுக்கூட மீனுக்குத் தண்ணி சூடு, தொட்டி அளவு எல்லாம் எழுதி வச்சிருக்காங்க, ஆத்து மீனுக்கு அந்த போட்ல நிக்கிற நாமதான் கமிட்டி.

கொல்ல வேண்டிய ஆராய்ச்சி இருக்கு, ஒத்துக்கிறேன். ஈரல்ல உலோகம் பாக்கணும்னா, மீனோட காதுக்குள்ள இருக்குற காதுக்கல்ல வச்சி வயசு பாக்கணும்னா வேற வழி இல்ல. அதுக்கு தனியா கொல்றதுக்கு முன்னாடி வலையில ஏற்கனவே செத்ததை அந்த எடத்துலயே அந்த அண்ணன் கிட்டயே வாங்கலாமே, மார்க்கெட்ல வாங்குனா எங்க பிடிச்சதுன்னு தெரியாது, போட்ல வாங்குனா தெரியும். அப்படியும் உயிர் மீன்தான் வேணும்னா ஐஸ்ல போட்டு மெதுவா சாக விடாம, மயக்கிட்டு மூளையில ஒரே குத்து, பழகுன கையால. எத்தன மீன் வேணும்னு போறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டுக்கிட்டு அந்த எண்ணிக்கையில நிக்கணும். கடல்குதிரை மாதிரி எதாவது வந்துச்சுன்னா அளக்குற பேச்சே இல்ல, 2001லேர்ந்து வனவிலங்குச் சட்டத்துல பாதுகாப்புல இருக்கு, அனுமதி இல்லாம வச்சிருந்தாலே கேஸு, வலையோட தண்ணியில இறக்கி விட்டுடுங்க.

வாங்கலாமான்னு கேட்டா, கெளுத்தி, மடவை, கொடுவா, கீச்சான், ஓரான்னு ஒரு ஜாணுக்கு மேல இருக்குற மீன் உங்க வேலைன்னா வாங்குங்க, கைப்பிடிய மட்டும் நம்பாதீங்க, வளையமும் பையும் நல்லா இருக்கான்னு பாத்துட்டு கைப்பிடிய உள்ளூர்லயே போட்டுக்கோங்க. குஞ்சு மீன் சர்வேன்னா இது வேண்டாம், காசிமேட்டுல துணிப் பை தச்சுக்கோங்க. பட்ஜெட்ல வலை, ஏரேட்டர் ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா மொதல்ல ஏரேட்டர். வாங்குனதும் ரப்பர் வாடை கடுமையா அடிக்கும், ரெண்டு மூணு நாள் தண்ணியில ஊற வச்சி அந்தத் தண்ணிய கொட்டிட்டு அப்புறமா மீன் கிட்ட கொண்டு போங்க. பொடிக் கண்ணியில முழு ரப்பர் பை மட்டும் தனியா யாராவது விக்கிறாங்கன்னா சொல்லுங்க, காரப்பொடிக்கு இன்னும் சரியான வலை என் கிட்ட இல்ல.